காணாமல் போன பன்னிரண்டு பகுதிகள்

“பராமரிப்பவர் என்பவர் நோயாளியுடன் ஒரே வீட்டில் வசித்து, குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், உணவூட்டுதல், திருப்பிப் படுக்கவைத்தல் ஆகிய அன்றாடத் தேவைகளை நேரில் கவனிப்பவர், எந்நேரமும் அருகில் துணையாக இருப்பவர், நோயாளியின் உடல்நிலை, மனநிலை, விருப்பங்கள் குறித்து அவருடன் தடையின்றிப் பேசக்கூடியவர்.”

மருத்துவமனை கொடுத்தனுப்பிய நான்கு பக்கப் படிவத்தில் இந்த விளக்கம் அச்சாகியிருந்தது. அதற்குக் கீழேயுள்ள கட்டத்தில், பெரிய எழுத்தில், கெலெபி ஃபொனுவா என்று நிரப்பியிருந்தார்கள். ஒரே வீட்டில் வசித்தார் என்பது மட்டும் உண்மை.

கெலெபிக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். சிட்னியின் மேற்குக் கோடியில் ஒரு சரக்குக் கிடங்கில் பத்தொன்பது வருஷம் பெட்டி தூக்கி, முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவி, இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தார். அவருடைய அக்கா லத்தாய்க்கு அறுபத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளாதவர். நான்கு வருஷம், வாரம் மூன்று நாள், டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த பிறகு, ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், போதும் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டார். மருத்துவர் எல்லாக் கேள்விகளையும் இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் ஒரே பதிலைப் பெற்று, அப்படியானால் ஏழு நாள், கூடிப்போனால் பதினாலு நாள் என்றார். வெள்ளிக்கிழமை கட்டில் வந்தது.

கெலெபியின் பூர்வீகம் பசிபிக் தீவு நாடான டோங்கா. டோங்காக்காரர்களுக்கு அக்கா என்பவள் தம்பிக்கு மேலானவள். மேலானவள் என்றால் தூரத்தில் இருப்பவள் என்று பொருள். அவள் படுக்கும் அறைக்குள் தம்பி நுழைவதில்லை, அவள் காதில் விழும்படி அசட்டு நகைச்சுவை பேசுவதில்லை, அவளோடு ஒரே அறையில் உட்கார்ந்து படம் பார்ப்பதில்லை. திரையில் எந்த நிமிஷம் எவன் எவளைக் கட்டிப்பிடிப்பான் என்று யாருக்குத் தெரியும்? கெலெபியின் குடும்பம் கடல் கடந்து வந்து இருபத்தாறு வருஷமாகியும் இந்த வழக்கம் அந்த வீட்டில் ஓர் அங்குலம் தளரவில்லை. தளர்ந்துபோன வீடுகள் அதே தெருவில் உண்டு. அவற்றைப் பற்றி கெலெபி பேசுவதில்லை. அவர் மனைவி லேசியெலி நிறையப் பேசுவாள்.

ஆக, படிவத்தில் சொன்ன வேலையையெல்லாம் செய்தது லேசியெலிதான். காலை ஆறு முதல் மாலை நான்கு வரை ஒரு முதியோர் இல்லத்தில் பிறர் வீட்டுக் கிழவிகளைக் குளிப்பாட்டிவிட்டு வந்து, மாலையில் நாத்தனாரைக் குளிப்பாட்டினாள். விடுப்பு எடுக்கலாமே என்று வீட்டுக்கு வந்துபோகும் தாதி கேட்டதற்கு, நாலு நாள்தான் கையில் இருக்கிறது, அதைச் சாவுக்கு வைத்திருக்கிறேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். லத்தாய்க்கும் அது கேட்டது. நியாயம்தான் என்பதுபோல் தலையசைத்தார்.

மருத்துவமனைக் கட்டில் படுக்கையறை வாசலில் நுழையவில்லை. நாலங்குலம் இடித்தது. வேறு வழியில்லாமல் முன்கூடத்தில் போட்டார்கள். முன்கூடத்தில்தான் டிவி இருந்தது. டிவியின் முதுகில், இணையத்திலிருந்து படங்களை இழுத்துத் தரும் கறுப்புப் பெட்டி ஒன்று சோப்புக்கட்டி அளவில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டியில் லத்தாய் ஒரு பிலிப்பைன்ஸ் தொடர் பார்த்துவந்தார். டயாலிசிஸ் நிலையத்தில் பக்கத்து நாற்காலிக்காரி சொல்லிக் கொடுத்த பழக்கம். பணக்கார வீட்டில் சமைக்க வந்தவள், அந்த வீட்டுக்குத் தொலைந்துபோன பெண். அது அவளுக்குத் தெரியாது, தோட்டக்காரனுக்குத் தெரியும், அவன் வாயைத் திறக்கமாட்டான். மொத்தம் நாற்பது பகுதிகள். அவர்கள் பேசுவது லத்தாய்க்கு ஓர் எழுத்தும் புரியாது. திரைக்கு அடியில் ஆங்கிலத்தில் ஓடும் வரிகளைப் படித்துப் படித்து இருபத்தெட்டுப் பகுதிகளைக் கடந்திருந்தார். மருத்துவர் நாள் கணக்குச் சொன்ன அன்று வீட்டுக்கு வரும் வழியில் லேசியெலியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஒரு நாளைக்கு ரெண்டுன்னு பார்த்தாலும் முடிஞ்சிரும்ல?”

“தாராளமா முடியும் அண்ணி,” என்றாள் லேசியெலி. “அப்புறம் வேற ஒண்ணு ஆரம்பிக்கலாம்.”

“அவ்வளவு பேராசை எனக்கில்ல.”

சனிக்கிழமை பகலில், இருபத்தொன்பதாவது பகுதி ஆரம்பித்த சற்று நேரத்தில், கெலெபி சமையலறையிலிருந்து வாசலுக்குப் போகக் கூடத்தைக் கடந்தார். அதே விநாடியில் திரையில் தோட்டக்காரன் சமையல்காரியின் முகத்தைக் கையில் ஏந்தினான். லத்தாய் ரிமோட்டைத் தேடினார். நீர் கோத்து வீங்கிய விரல்களில் அது நிற்காமல் தரையில் விழுந்தது. கெலெபி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்து, நெற்றியை நிலையில் மோதிக்கொண்டு, வெளியே போய்ச் சேர்ந்தார். சத்தம் மட்டும் பின்னால் தொடர்ந்து வந்தது. மருத்துவர் நாள் குறித்ததைத் தாங்கிக்கொண்ட அந்த வீடு, இதைத் தாங்கமாட்டாமல், டிவியைப் பாதியில் அணைத்துவிட்டு, அன்று மாலைவரை வாய் திறக்கவில்லை.

இனிமேல் இப்படி ஒரு அவமானம் அக்காவுக்கு நேரக்கூடாது என்று கெலெபி முடிவுகட்டினார். சாகக் கிடக்கும் ஒருத்திக்குத் தம்பியால் வேறென்ன செய்ய முடியும்? திங்கள் காலை, தாதி வந்து லத்தாயைச் சுத்தம் செய்ய டிவியை மூலையில் ஒதுக்கிவைத்த நேரம், தன் கைப்பேசி வழியாகவே பெட்டியின் அமைப்புகளுக்குள் போனார். வயது வரம்பு என்ற இடத்தில் இருந்ததிலேயே சின்ன எண்ணைத் தேர்ந்தெடுத்தார். ஏழு.

இங்கே கெலெபியின் சினிமா அறிவைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிறுவயதில் அவர் படம் பார்த்தது தேவாலயக் கூடத்தில். படம் காட்டுபவர் ஒரு உபதேசியார். முத்தம் வரப்போகிறது என்று தெரிந்ததும் விளக்குக்கு முன்னால் தன் தொப்பியைப் பிடிப்பார், முடிந்ததும் எடுத்துவிடுவார், கதைக்கு ஒரு குறையும் வராது. உலகம் முன்னேறிவிட்ட இக்காலத்தில் அந்தத் தொப்பியைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பார்கள் என்று கெலெபி நம்பினார். முத்தத்தை மட்டும் மறைத்து மற்றதைக் காட்டும் என்று. பெட்டிக்கு அந்த நாகரிகம் இல்லை. தொடர் முழுவதையும் தூக்கி உள்ளே போட்டுப் பூட்டிவிட்டது.

திங்கள் மாலை லேசியெலி டிவியைப் போட்டபோது தொடர் இல்லை. பெயரைத் தட்டித் தேடினால் பென்குவின் ஒன்று எண்கள் சொல்லிக்கொடுத்தது. பாதி பார்த்தவை வரிசையும் காலி. லேசியெலி பெட்டியின் வயரைப் பிடுங்கி முப்பது எண்ணி மறுபடி செருகினாள். வைஃபையை அணைத்து எழுப்பினாள். கணக்கிலிருந்து வெளியேறி, பாஸ்வேர்ட் மறந்து, புதிதாக ஒன்று வைத்து, உள்ளே வந்தாள். பென்குவின் பதின்மூன்றுக்கு வந்திருந்தது.

“உங்கக்கா நாடகம் காணாமப் போச்சு,” என்று சமையலறையில் வந்து சொன்னாள். “நீங்க எதையாவது நோண்டினீங்களா?”

கெலெபி இல்லை என்றார். அவர் அகராதிப்படி அது பொய்யல்ல. தொப்பி வைத்ததற்கும் படம் காணாமல் போனதற்கும் என்ன சம்பந்தம்? தவிர, ஏன் வைத்தேன் என்று சொல்லவேண்டுமானால் எதைப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். அக்காவையும் முத்தத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்து, மனைவியிடம்கூட, அவரால் பேச முடியாது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் லத்தாய் பென்குவின் பார்த்தார். குறை சொல்லவில்லை. அந்தக் குறையைச் சொல்லவேண்டிய இடத்தில் பகல் முழுக்க இருந்த ஒரே ஆள் தம்பி. தம்பியிடம் அந்தத் தொடரைக் கேட்பதைவிடப் பென்குவின் மேல். டயாலிசிஸ் நின்றதில் கிடைத்த ஒரே லாபம், நாலு வருஷமாக மறுக்கப்பட்ட வாழைப்பழமும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பிலையும். லேசியெலி அதைச் செய்து வைத்துவிட்டுப் போனாள். ஸ்பூனால் இரண்டு வாய். அதற்கு மேல் இறங்கவில்லை. ஆறாவது நாள் கழிந்தது.

புதன் காலை, லேசியெலி காரில் ஏறும்போது சொன்னாள். “நான் வர்றதுக்குள்ள அந்த உதவி நம்பருக்குப் போன் பண்ணுங்க. சாயங்காலம் அவங்க முழிச்சிருக்கிறதே இல்ல. பகல்ல வெறிச்சுப் பார்த்துட்டுப் படுத்திருக்காங்க. எனக்கு வேலைல கை ஓடமாட்டேங்குது.”

கெலெபி வீட்டு முன்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு அருகில் நின்று நம்பரைப் போட்டார். நாற்பது நிமிஷம் இசை கேட்டபிறகு ரோவேனா என்ற பெண் எடுத்தாள். மணிலாவிலிருந்து பேசினாள். வயரைப் பிடுங்கச் சொன்னாள், பிடுங்கியாகிவிட்டது. எந்த நாடு என்று போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள், ஆஸ்திரேலியாதான். காணாமல் போனது எது என்று கேட்டாள். கெலெபி தோட்டக்காரன் கதை என்று மட்டும் சொன்னார். ரோவேனா குரலில் உயிர் வந்தது. அவள் அம்மா இரண்டாம் தடவை பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

“சார், வயசு வரம்பு ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“ஏழு.”

“வீட்டுல சின்னக் குழந்தைங்களா?”

“இல்ல. எங்கக்கா.”

“அவங்களுக்கு எத்தனை வயசு சார்?”

“அறுபத்தொண்ணு.”

ரோவேனா வயதை இன்னொரு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டாள். கெலெபி விளக்கினார். முத்தம் வரும் இடத்தை மட்டும் மறைக்கத்தான் அதை வைத்தது, மற்றதைக் காட்டட்டும், அதற்கு எங்கே அமுக்கவேண்டும் என்று சொன்னால் போதும்.

“சார், இந்தப் பெட்டிக்கு வெட்டத் தெரியாது. மொத்தமா ஒளிச்சு வைக்கத்தான் தெரியும். நீங்க வச்ச பூட்டுதான் சார்.”

கெலெபி தொட்டியின் மூடிமேல் கையை ஊன்றிக்கொண்டார். பதினாலில் இரண்டரை நாள். ஏழு என்று கணக்கிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தன் கையால், மரியாதை என்ற பெயரில், அக்காவிடமிருந்து எடுத்திருந்தார். ரோவேனா அவர் வெட்கப்படுவதாக நினைத்துக்கொண்டு, பரவாயில்லை சார், இது ரொம்பப் பேர் பண்றதுதான் என்றாள். இப்படி ஒருவரும் பண்ணியிருக்க முடியாது.

பூட்டை எடுப்பது ஒரு நிமிஷ வேலை. அடுத்த சிக்கல்தான் பெரிது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பெட்டி நின்று, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்கும். ஆம் என்று யாராவது அமுக்கவேண்டும். லத்தாயின் விரல்களால் இப்போது ரிமோட்டைப் பிடிக்க முடியாது. அமுக்க கெலெபி கூடத்துக்குள் போகவேண்டும், போனால் பார்க்கவேண்டும். ரோவேனாவிடம் வழி இருந்தது. அமைப்புகளை மாற்றிய அதே கைப்பேசியே ரிமோட்டாகவும் இயங்கும். வைஃபை எட்டுகிற தூரம்வரை போய் நின்றுகொள்ளலாம்.

வைஃபை குப்பைத் தொட்டிவரை எட்டியது.

ஜன்னலுக்கு வெளியே, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கெலெபி சொன்னார். “அக்கா, பெட்டி சரியாயிருச்சு. நான் வெளிய இருக்கேன். முடிஞ்சா தட்டுங்க.”

உள்ளே கட்டில் கம்பியில் ஸ்பூன் ஒரு தடவை தட்டியது.

புதன்கிழமை இரண்டு பகுதி. வியாழன் மூன்று. வெள்ளி மூன்று. பத்து மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்குள் முடிந்துவிடும். இசை ஓயும், ஸ்பூன் தட்டும், தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் நூற்று முப்பது கிலோ மனிதர் திரும்பாமல் ஒரு பொத்தானை அமுக்குவார். அழுகையும் கதவு அறையும் சத்தமும் ஜன்னல் வழியே வந்தன. மொழி தெரியாததால் கெலெபியின் மானம் தப்பியது. மழை வந்தால் கிடங்கில் கொடுத்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டார். முதுகு வலித்தால் தொட்டியில் சாய்ந்தார். தெருவே பார்த்தது. எதிர்வீட்டு மனாசே, தேவாலயத்தில் காரியதரிசி, வேலிக்கு அப்பால் நின்று விசாரித்தார்.

“எதுக்குப்பா காவல் நிக்கிற? குப்பைய எவனும் தூக்கிட்டுப் போகமாட்டான்.”

“அக்கா டிவி பார்க்கிறாங்க.”

மனாசே சிரிப்பை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார்.

சனியன்று இரண்டு பகுதிதான் முடிந்தது; நடுவில் லத்தாய் தூங்கிப்போனார். ஞாயிறு கர்த்தருடைய நாள், டிவி கிடையாது, சாகக் கிடந்தாலும். திங்களன்று ஒன்று. அதற்கே தட்டும் சத்தம் காதில் விழுமா விழாதா என்றிருந்தது. லேசியெலி அன்று மாலை பாதத்தைத் துடைக்கும்போது, முடிவை என் போனில் பார்த்துச் சொல்லிவிடவா அண்ணி என்று கேட்டாள். லத்தாய் வேண்டாம் என்றார். இவ்வளவு தூரம் நானே வந்தேன் என்றார்.

செவ்வாய் காலை தாதி ஊசி போட்டுவிட்டு வெளியே வந்து கெலெபியிடம், இன்றோ நாளையோ என்றாள். படிவத்தில் உங்கள் பெயர்தானே இருக்கிறது, பக்கத்தில் போய் உட்காருங்கள் என்றும் சொன்னாள். கெலெபி நன்றி சொல்லி, தொட்டிக்குப் போனார். நாற்பதாவது பகுதியை அமுக்கினார். தூறல் விழுந்தது. இசை வந்தது, யாரோ பேசினார்கள், மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஸ்பூன் தட்டியது. தப்பான நேரத்தில்.

அவர் நிறுத்தினார். இந்தத் தட்டுக்கு அவர்களுக்குள் அர்த்தம் இல்லை.

“அக்கா?”

“எழுத்து தெரியல தம்பி,” என்றார் லத்தாய். “வெளிச்சம் மட்டும்தான் இருக்கு. சத்தத்த வச்சு நான் என்ன பண்றது?”

முழு மூச்சும் அதற்கே செலவாகியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய செலவு, தம்பியிடம் அதைச் சொன்னது; அவர் வாயிலிருந்து அந்தத் தொடரைப் பற்றி தம்பியிடம் வந்த முதல் வார்த்தை அது. கெலெபி லேசியெலிக்குப் போன் போட்டார். அவள் போன் வேலையிடத்துப் பெட்டகத்தில் கிடந்து மணியடித்தது. பத்தேகால். நான்கு மணிக்கு இன்னும் ஐந்தே முக்கால் மணி நேரம். எதிரே மனாசே வீட்டுத் திரைச்சீலை விலகியிருந்தது. கெலெபி மழையில் கொஞ்ச நேரம் நின்றார். ஐந்து நிமிஷமா பத்தா என்று பிறகு லேசியெலி கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை.

சமையலறை வழியாக உள்ளே வந்தார். மஞ்சள் சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டினார். ஒரு நாற்காலியை எடுத்துக் கட்டிலின் தலைமாட்டுக்குச் சற்று முன்னால், திரை தெரியும்படியும் அக்கா முகம் தெரியாதபடியும் போட்டார். உட்கார்ந்தார். அமுக்கினார்.

“அந்தப் பொண்ணு பெட்டியோட நிக்கிறா,” என்றார். குரல் அவருடையதாக இல்லை. “‘நான் யாருன்னு உனக்கு முதல்லயே தெரியும்’ங்கிறா. அவன் பேசல. ‘எத்தனை வருஷமா தெரியும்’னு கேக்கிறா.”

“அவன் முகம்?”

“கீழ பார்க்கிறான்.”

“பார்ப்பான்,” என்றார் லத்தாய்.

கெலெபி ஒவ்வொரு வரியாகப் படித்து டோங்கா மொழியில் சொல்லிக்கொண்டே போனார். வரி இல்லாத இடங்களில் யார் எங்கே போகிறார்கள் என்பதைச் சொன்னார். பாதிக்கு மேல் தாண்டியபோது அவர் பேச்சு நின்றது. திரையில் இசை மட்டும் ஓடியது. லத்தாய் காத்திருந்தார்.

“நின்னுருச்சா?”

“இல்லக்கா,” என்றார் கெலெபி.

புதன் விடியும்போது லத்தாய் இறந்தார். பக்கத்தில் லேசியெலி இருந்தாள். கெலெபி சமையலறையில் இருந்தார், இருக்கவேண்டிய இடத்தில்.

அடக்கத்துக்கு முந்நூறு பேர் வந்தார்கள். டோங்கா வழக்கப்படி, துக்கத்தில் தாழ்ந்து நிற்கவேண்டிய தம்பி என்ற முறையில் கெலெபி இடுப்பில் கிழிந்த பெரிய பாயைக் கட்டிக்கொண்டு, கொல்லையில் சமையல் நடக்கும் இடத்தில், புகைக்கு நடுவில் நின்றார். கூடாரத்தில் மனாசே எழுந்து பேசினார். இந்த நாட்டில் பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள், ஆனால் இதே தெருவில் ஒரு மனிதர் மழையில் நின்றார், தமக்கை பார்க்கும் அறையில் கடைசிவரை கால் வைக்கவில்லை, மரியாதை என்றால் அதுதான் என்றார். பலர் அழுதார்கள். செவ்வாயன்று திரைச்சீலைக்குப் பின்னால் நின்று முழுவதையும் பார்த்தவர் மனாசே. அவர் அதைச் சொல்லவில்லை, கெலெபியும் திருத்தவில்லை. லேசியெலி மட்டும், சேப்பங்கிழங்குத் தட்டோடு கொல்லைக்கு வந்து, புருஷன் காதில் மெதுவாகக் கேட்டாள்.

“முழுசாவா சொன்னீங்க?”

முழுசாகத்தான். செவ்வாய்க்கிழமை பத்தரை மணியிலிருந்து நாற்பத்தாறு நிமிஷம், கெலெபி ஃபொனுவா தன் அக்காவோடு ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரு தொடரின் கடைசிப் பகுதியை வரிவரியாகப் படித்துச் சொன்னார். நடுவில் முத்தம் வந்தது, அதையும் சொன்னார்.